ஆரஞ்சு அடுக்கிய கணக்கும் ஒரு பட்டாணிப் பெட்டியும்

இந்த இதழில் நாம் இதுவரை எழுதியவை எல்லாம் வரி, எடைக்கல் முத்திரை, லாரி வாடகை, வராத பாக்கி என்ற வகையிலேயே அமைந்துவிட்டன. "அண்ணாச்சி, எப்பொழுதும் அழுகைதானா?" என்று ஓர் உறுப்பினர் நேரிலேயே கேட்டுவிட்டார். ஆகவே இம்முறை வேறு விஷயம். கணக்குப் பாடம்தான், ஆனால் பேரேட்டுக் கணக்கு அல்ல. பொழுதுபோக்காகத் தொடங்கி, பெரிய பெரிய பேராசிரியர்களையெல்லாம் தூங்கவிடாமல் அடித்த ஒரு கணக்கு. நாம் பள்ளி இறுதி வகுப்போடு நின்று கடைக்கு வந்தவர்கள். கல்லூரியில் கணிதம் படிக்கும் பேத்தி விளக்கிச் சொன்னதை, நமக்குப் புரிந்த மட்டில் நம் பாஷையில் எழுதுகிறோம்.

பழக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு கேள்வி. ஆரஞ்சுப் பழத்தைக் கோபுரமாக அடுக்குகிறீர்களே, அந்த அடுக்கு முறையை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. அடியில் ஒரு வரிசை, அதன் பள்ளங்களில் அடுத்த வரிசை, அதன் பள்ளங்களில் அதற்கடுத்தது என்று கை தானாகவே போகிறது. பழத்தின் தலைமேல் பழத்தை வைத்தால் உருண்டு தெருவுக்குப் போய்விடும் என்பது பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். இப்படிப் பள்ளத்தில் உட்கார வைப்பதைக் காட்டிலும் நெருக்கமாக உருண்டைகளை அடுக்க வேறு வழியே கிடையாது என்று 1611ஆம் ஆண்டில் ஜொஹானஸ் கெப்ளர் என்ற ஜெர்மானிய வானியல் அறிஞர் எழுதி வைத்தார். அது உண்மைதான் என்று நிரூபிக்க 387 ஆண்டுகள் பிடித்தன. நிரூபித்ததைச் சரிபார்த்து முடிக்க மேலும் 16 ஆண்டுகள் பிடித்தன.

பழக்காரருக்குத் தெரிந்த விஷயத்துக்கு 403 ஆண்டுகளா என்று முதலில் நமக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்குக் காரணம் எங்கள் கிட்டங்கியில் நடந்த ஒரு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் இந்த அடுக்குக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் நூலில், முக்கோண அடித்தளத்தில் குவித்த உருண்டைகள் மொத்தம் எத்தனை என்று கண்டுபிடிக்க வழி சொல்லியிருக்கிறார். எத்தனை அடுக்கோ அந்த எண், அதற்கு அடுத்த எண், அதற்கும் அடுத்த எண், மூன்றையும் பெருக்கி ஆறால் வகுக்க வேண்டியது. 10 அடுக்கு என்றால் 10, 11, 12 பெருக்க 1320. ஆறால் வகுக்க 220. பழத்தை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. குவியலின் ஒரு பக்கத்தில் அடுக்கை எண்ணிவிட்டு இருப்பு எழுதிவிடலாம். அடித்தளம் சதுரமாக இருந்தால் 10 அடுக்குக்கு 385 வரும். அதற்கு வேறு வாய்ப்பாடு.

மேலை நாட்டில் இது பழத்தில் தொடங்கவில்லை, பீரங்கிக் குண்டில் தொடங்கியது. இங்கிலாந்தில் சர் வால்டர் ராலே என்ற கடலோடி, கப்பல் தளத்தில் அடுக்கியிருக்கும் குண்டுகளை எண்ணும் வழியைத் தம்மிடமிருந்த தாமஸ் ஹாரியட் என்ற கணக்கறிஞரிடம் கேட்டார். ஹாரியட் எண்ணும் வழியைச் சொன்னதோடு நிற்காமல், எப்படி அடுக்கினால் அதிகம் கொள்ளும் என்றும் யோசித்தார். அவருக்கும் கெப்ளருக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு. கெப்ளர் அப்போது பிராக் நகரில் அரசவைக் கணித அறிஞர். 1611இல் தம்மை ஆதரித்த பிரபு ஒருவருக்குப் புத்தாண்டுப் பரிசாக, பனித்துகள் ஏன் ஆறு முனையோடு விழுகிறது என்று ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார். அந்த நூலில்தான், இந்த அடுக்கு முறையே மிக நெருக்கமானது என்ற வாசகம் வருகிறது. நிரூபணம் எதுவும் இல்லை. ஏதோ எல்லோருக்கும் தெரிந்ததுபோல் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நெருக்கம் என்பதை எண்ணில் சொன்னால் நமக்கு இன்னும் நன்றாக விளங்கும். உருண்டைகளை நேர்க்கு நேராக, தலைமேல் தலையாக அடுக்கினால் பெட்டியின் இடத்தில் 52.36 சதவீதம்தான் சரக்கு. மீதி எல்லாம் காற்று. பள்ளத்தில் உட்கார்த்தி அடுக்கினால் 74.05 சதவீதம். அதாவது நேர் அடுக்கில் 100 பழம் பிடிக்கும் இடத்தில், பெட்டி போதிய அளவு பெரிதாக இருந்தால், பள்ள அடுக்கில் 141 பழம் பிடிக்கும். முக்கோண அடித்தளம் வைத்தாலும் சதுர அடித்தளம் வைத்தாலும் நெருக்கம் ஒன்றுதான் என்பது இன்னொரு வேடிக்கை. சதுரக் கோபுரத்தின் சாய்ந்த பக்கத்தைத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். அங்கே முக்கோண அடுக்கு அப்படியே தெரியும். பேத்தி எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்டிய பிறகுதான் நாம் நம்பினோம்.

இந்த இடத்தில் கடைக்காரர்களுக்கு ஒரு விடுகதை. பொழுதுபோக்குக் கணக்குப் பிரியர்களிடையே வெகுகாலமாக உலவுவது. உள்ளளவு 8 அங்குல நீளம், 5 அங்குல அகலம் உள்ள அட்டைப் பெட்டி. அதில் ஒரு அங்குல விட்டமுள்ள தைல பாட்டில்களை நிற்க வைக்க வேண்டும். வரிசைக்கு 5 வீதம் 8 வரிசை, மொத்தம் 40. பெட்டி நிறைந்துவிட்டது, விரல் அசைக்க இடமில்லை. இப்போது 41ஆவது பாட்டிலையும் அதே பெட்டியில் வைக்க முடியுமா? விடையைச் சற்றுப் பின்னால் தருகிறோம். அதற்குள் பொறுமை இல்லாதவர்கள் சோடா மூடிகளை வைத்து முயன்று பார்க்கலாம்.

எங்கள் கிட்டங்கியில் நடந்தது

1979ஆம் ஆண்டு. நமக்கு வயது 21. தந்தையார் கடையில் இருக்க, கிட்டங்கிப் பொறுப்பை நம்மிடம் விட்டிருந்தார்கள். மொத்த வியாபாரம்தான் என்றாலும், சுற்றுக் கிராமத்துக் கடைக்காரர்கள் கால் மூட்டை, அரை மூட்டை கேட்பார்கள். அதற்காகப் பலகையால் செய்த பெரிய பெட்டி ஒன்று உண்டு. ஆறடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம். நூறு கிலோ மூட்டை 21 கொட்டினால் பட்டாணி பெட்டியின் விளிம்புவரை வரும். இரவு பூட்டும்போது உள்பலகையில் சரக்கின் மட்டத்துக்குச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடுவோம். காலையில் திறந்து கோட்டைப் பார்ப்போம். பாட்டனார் காலத்துப் பழக்கம் அது. எடை போட்டுப் பார்க்க நேரமில்லாத இடத்தில் கோடுதான் காவல்காரன்.

ஒரு நாள் மாலை புதுச் சரக்கு 21 மூட்டையும் கொட்டிக் கோடு போட்டுப் பூட்டினோம். காலையில் பார்த்தால் பட்டாணி கோட்டிலிருந்து மூன்று விரற்கடை இறங்கியிருக்கிறது. தந்தையார் மனக்கணக்கில் புலி. ஒரு நொடி பார்த்துவிட்டு, "ஒரு மூட்டை குறையுதே" என்றார்கள். கணக்கு சரிதான், பெட்டியில் அந்த உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு மூட்டைதான் கொள்ளும். கிட்டங்கியில் இரவு படுத்திருந்தது ஒரே ஒருவன். நம் வயதுதான் அவனுக்கும். நான்கு வருடமாக வேலை பார்த்தவன். பூட்டு உடைபடவில்லை, ஓடு பிரியவில்லை. வேறு யாரைச் சொல்வது?

அவன் அழவில்லை. "நான் எடுக்கல ஐயா" என்று ஒரு முறை சொன்னான். தந்தையார் கோபப்படுகிற மனிதர் அல்ல, கைநீட்டவும் இல்லை. அன்று வரைக்கும் உள்ள சம்பளத்தை எண்ணிக் கொடுத்து, "போயிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். நாம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். நமக்கும் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. நூற்றுக்கு நூறு இல்லாவிட்டாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அவன்தான் என்றிருந்தோம்.

பன்னிரண்டு நாளில் பெட்டி காலியாயிற்று. கணக்குப்பிள்ளை எடைச் சீட்டுகளை எல்லாம் கூட்டினார். 21 மூட்டைக்கு நாலைந்து கிலோ சேதாரம் போக அத்தனையும் விற்றுமுதலாகி இருந்தது. ஒரு மூட்டை குறையவே இல்லை. மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் அதே எண்தான்.

பிறகு விசாரித்தபோது, கிட்டங்கியின் பின்சுவரை ஒட்டி இருந்த கட்டடத்தில் அந்த வாரம்தான் புதிதாக மோட்டார் பூட்டி இரவெல்லாம் எண்ணெய் ஆட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சுவர் அதிர்ந்திருக்கிறது, தரை அதிர்ந்திருக்கிறது, பெட்டியும் அதிர்ந்திருக்கிறது. பட்டாணி குலுங்கி இறுகி உட்கார்ந்துவிட்டது. படியைக் குலுக்கி அளந்தால் கூடப் பிடிக்கும் என்பது நம் தொழிலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். விற்கும்போது தெரிந்த அந்த விஷயம், சந்தேகப்படும்போது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தந்தையார் மறுநாளே அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார்கள். அதற்குள் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வரவில்லை.

இந்தக் குலுங்கி இறுகுவதையும் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 1960இல் கனடா நாட்டு டொரன்டோவில் ஸ்காட் என்ற விஞ்ஞானி எஃகு உருண்டைகளைப் பாத்திரத்தில் மெதுவாகக் கொட்டி அளந்தார். பிறகு குலுக்கி அளந்தார். மெதுவாகக் கொட்டினால் சுமார் 60 சதவீதம் இடம் நிறைகிறது. எவ்வளவு குலுக்கினாலும் சுமார் 64 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. கையால் அடுக்கும் 74ஐக் கொட்டிக் குலுக்கி எட்ட முடியாது. ஆனால் 60க்கும் 64க்கும் நடுவில் உள்ள அந்த நான்கைக் கவனியுங்கள். நான்கடி உயரச் சரக்கு இதனால் மூன்று அங்குலம் வரை இறங்கலாம். எங்கள் பெட்டியில் மூன்று விரற்கடை இறங்கியதில் ஆச்சரியமே இல்லை.

பருப்பு வியாபாரிகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 2004இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார், நம் ஊர் ஜெம்ஸ் மிட்டாய் போன்ற எம் அண்ட் எம் என்ற மிட்டாயைக் கொட்டிப் பார்த்தார்கள். உருண்டையைவிட இந்தத் தட்டை வடிவம் நெருக்கமாக விழுகிறது. 68 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. முழு மைசூர்ப் பருப்பின் வடிவமும் ஏறத்தாழ அதுதானே. அதுவும் பட்டாணியைவிட நெருங்கித்தான் விழ வேண்டும். இதை நினைத்தால், படி அளவைக் கைவிட்டு எடைக்கு மாறியது எத்தனை வழக்கைக் குறைத்தது என்பது விளங்கும்.

பட்டாணிக்கு இந்தக் கதையில் வேறொரு பங்கும் இருக்கிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பானை நிறையப் பட்டாணியைப் போட்டு நீர் ஊற்றி, மூடியின் மேல் பாரம் ஏற்றி ஊறவிட்டார். ஊறிய பட்டாணிகள் ஒன்றையொன்று நெருக்கி, இடைவெளியெல்லாம் அடைத்துக்கொண்டு, பன்னிரண்டு முகமுள்ள கட்டிகளாக மாறின என்று 1727இல் எழுதினார். பின்வந்தவர்கள், வடிவம் அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை என்று திருத்தினார்கள். அது எப்படியானாலும் இந்த ஹேல்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரூபணம் என்னும் வழக்கு

கெப்ளர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்படியானால் நிரூபிப்பதில் என்ன கஷ்டம்? உருண்டைகளை ஒழுங்கு வரிசையில்தான் அடுக்கலாம் என்று நிபந்தனை போட்டால் கஷ்டமில்லை. 1831இல் காஸ் என்ற மேதை அதை முடித்துவிட்டார். ஆனால் ஒழுங்கில்லாமல், தாறுமாறாக அடுக்கி யாராவது 74.05ஐத் தாண்டிவிட்டால்? ஒழுங்கான வழி ஒன்றுதான். தாறுமாறான வழிகளுக்குக் கணக்கே இல்லை. அத்தனையையும் அடைத்தாக வேண்டும்.

அது வீண் பயமும் அல்ல. ஓர் உருண்டையைச் சுற்றி 12 உருண்டைகள் தொட்டுக்கொண்டு நிற்கலாம். 13 நிற்குமா என்று 1694இல் நியூட்டனுக்கும் அவர் நண்பர் கிரிகரிக்கும் பேச்சு வந்தது. நியூட்டன் 12தான் என்றார். கிரிகரி 13 முடியும் என்று எண்ணினார். நியூட்டன் பக்கமே சரி என்பது 1953இல்தான் முடிவாயிற்று. அந்த 12ஐ ஒரு விசேஷ முறையில் நிறுத்தினால், அந்த ஒரு உருண்டையைச் சுற்றி மட்டும் நெருக்கம் 75 சதவீதத்தைத் தாண்டிவிடும்! ஆனால் அதே முறையைப் பக்கத்து உருண்டைக்கும் நீட்டிக்க முடியாது. அங்கே இடைவெளி விழுந்துவிடும். ஒரு கடையில் அதிக லாபம் காட்டிப் பக்கத்துக் கிளையில் நஷ்டத்தைத் தள்ளுகிற கணக்குப் போல. எந்தக் கிளையில் நஷ்டம் எவ்வளவு என்று மொத்தமாகக் கூட்டிக் காட்டினால்தான் வழக்குத் தீரும்.

1900இல் பாரிஸ் மாநாட்டை ஒட்டி டேவிட் ஹில்பர்ட் வரப்போகும் நூற்றாண்டுக்கென்று விட்டுச் சென்ற 23 கணக்குகளில் 18ஆவதில் இதுவும் அடங்கும். 1990இல் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் முடித்துவிட்டதாக அறிவித்தார்; அறிஞர்கள் ஓட்டைகளைச் சுட்டினார்கள், ஏற்கப்படவில்லை. பிறகு 1998 ஆகஸ்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹேல்ஸ், தம் மாணவர் சாமுவேல் ஃபெர்குசன் துணையோடு தாம் முடித்துவிட்டதாக அறிவித்தார். பட்டாணிப் பாதிரியாரின் பெயரே இவருக்கும் அமைந்தது தற்செயல்தான்.

250 பக்கம் எழுத்து. அதோடு கம்ப்யூட்டரில் 3 ஜிகாபைட் நிரலும் கணக்கும். ஏறத்தாழ ஒரு லட்சம் கணக்குகளைத் தனித்தனியே கம்ப்யூட்டர் போட்டிருந்தது. 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' என்பது கணித உலகில் மிக உயர்ந்த இதழ்களில் ஒன்று. அதன் ஆசிரியர்கள் இதைச் சரிபார்க்க 12 பேர் கொண்ட குழுவை அமர்த்தினார்கள். தலைவர் ஹங்கேரி நாட்டு காபர் ஃபேயெஷ் டோத். அவருடைய தந்தையாரே இந்தக் கணக்கில் வாழ்நாள் முழுதும் உழைத்தவர். கம்ப்யூட்டரைக் கொண்டு முடிக்கலாம் என்று முன்னமே சொன்னவர்.

நம்மில் ஆடிட்டருக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் புரியும். நான்கு வருடத்துக்கு மேல் 12 பேரும் பார்த்தார்கள். தப்பு எதுவும் அகப்படவில்லை. 2003இல் தலைவர் முடிவைத் தெரிவித்தார். நிரூபணம் சரி என்று 99 சதவீதம் உறுதியாக நம்புகிறோம். ஆனால் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அத்தனையையும் சரிபார்த்ததாக எங்களால் சான்று தர இயலாது. அதற்குமேல் பார்க்க எங்களிடம் சக்தி இல்லை. இதுதான் சாரம். கணக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. பிடித்தது என்று கையெழுத்தும் போடவில்லை.

இந்த 99ஐப் பேத்தி வாசித்துக் காட்டியபோது நாம் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டோம். 1979இல் கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டு நாம் போட்ட எண்ணும் அதுதான். அந்த அறிஞர்கள் அதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தார்கள். நாங்கள் அதை வைத்துக்கொண்டு சம்பளத்தை எண்ணிக் கொடுத்தோம்.

கட்டுரை 2005இல் அந்த இதழில் வெளிவந்தது. பெரும்பாலானவர்கள் அத்தோடு மூட்டையைக் கட்டியிருப்பார்கள். ஹேல்ஸ் கட்டவில்லை. அவருக்கு அந்த ஒரு சதவீதம் உறுத்திக்கொண்டே இருந்தது. 2003 ஜனவரியிலேயே, நிரூபணத்தின் ஒவ்வொரு அடியையும், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது முதற்கொண்டு, தர்க்கம் பார்க்கும் கம்ப்யூட்டர் நிரலுக்குக் கொடுத்துச் சரிபார்க்கும் வேலையை அறிவித்துவிட்டார். 20 வருடம் ஆகும் என்று அவரே மதிப்பிட்டார். அதற்கு 'ஃப்ளைஸ்பெக்' என்று பெயர். ஈ விட்ட புள்ளி என்றும் பொருள். துருவித் துருவிப் பார்ப்பது என்றும் பொருள். பேரேட்டில் ஈ உட்கார்ந்த புள்ளியைத் தசமப் புள்ளியோ என்று கண்ணாடி போட்டுப் பார்க்கும் கணக்குப்பிள்ளைகளை நாமும் அறிவோம்.

கம்ப்யூட்டரை நம்பாமல் இன்னொரு கம்ப்யூட்டரை நம்புவதா என்று கேட்கத் தோன்றும். நாமும் கேட்டோம். இதில் நயம் இருக்கிறது. அந்த நிரலின் உயிர்ப்பகுதி சில நூறு வரிகள்தானாம். மனிதர் உட்கார்ந்து வாசித்துச் சரிபார்த்துவிடலாம். மற்ற எந்தக் கணக்கும் அந்தச் சிறு பகுதியின் வழியாகத்தான் உள்ளே வர முடியும். நாம் ஆயிரம் எடைக்கல் வைத்திருந்தாலும் முத்திரை அலுவலகத்தில் ஒரு மூலக்கல் இருக்கிறது. எல்லாக் கல்லும் அதற்கு எதிரே நின்றுதான் முத்திரை வாங்க வேண்டும். அதைப் போலத்தான்.

ஹேல்ஸோடு பல நாட்டவர் சேர்ந்தார்கள். வியட்நாம் நாட்டு இளைஞர்கள் பெரும்பங்கு செய்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு பகுதிக் கணக்குக்கு மட்டும் கம்ப்யூட்டர் ஓட்டம் சுமார் 5000 மணி நேரம் செலவாயிற்று. பல கம்ப்யூட்டர்களில் பிரித்துப் போட்டு ஓட்டினார்கள். 2014 ஆகஸ்ட் 10 அன்று வேலை முடிந்தது. கெப்ளர் சொன்னது சரி. ஹேல்ஸின் நிரூபணமும் சரி. 2017இல் வெளியான கட்டுரையில் 22 பேர் பெயர் இருந்தது.

அதன் பிறகு வந்த செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்; ஏனென்றால் நமக்கே பாதிதான் புரிந்தது. நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு நிற்காமல் எட்டு அளவுகள் உள்ள வெளியில் உருண்டைகளை எப்படி நெருக்கமாக அடுக்குவது என்றும் கணித அறிஞர்கள் கேட்கிறார்கள். கண்ணால் பார்க்க முடியாது. பேரேட்டில் மூன்று பத்திக்குப் பதில் எட்டுப் பத்தி போட்டு எழுதுவதாக எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். உக்ரைன் நாட்டில் பிறந்த மரீனா வியசோவ்ஸ்கா என்ற பெண்மணி 2016 மார்ச்சில் அந்த எட்டு அளவுக் கணக்கை இருபத்துச் சொச்சம் பக்கத்தில் முடித்துவிட்டார். கம்ப்யூட்டர் மலையும் இல்லை, 12 பேர் குழுவும் திணறவில்லை. ஒரு வாரத்துக்குள் வேறு நால்வரோடு சேர்ந்து 24 அளவுக் கணக்கையும் முடித்தார். 2022இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கம் பெற்ற இரண்டாவது பெண்மணி அவர். இந்த 24 அளவு அடுக்கோடு நெருங்கிய உறவுள்ள ஒரு குறியீட்டு முறையைக் கொண்டுதான் வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனி கிரகங்களின் வண்ணப் படங்களைப் பிழையில்லாமல் பூமிக்கு அனுப்பின. முதல் படங்கள் வந்தது 1979இல். நாங்கள் பட்டாணிப் பெட்டிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த அதே வருடம்.

தைல பாட்டிலை மறந்துவிடவில்லை. 41ஆவது பாட்டிலும் போகும். முதல் வரிசையில் 5 வையுங்கள். அடுத்த வரிசையில் 4 மட்டும், முதல் வரிசையின் பள்ளங்களில் பதியும்படி. மீண்டும் 5, மீண்டும் 4. பள்ளத்தில் பதிவதால் ஒவ்வொரு வரிசையும் ஒரு அங்குலத்துக்குப் பதில் 0.866 அங்குலமே எடுத்துக்கொள்ளும். எட்டு வரிசை இருந்த இடத்தில் ஒன்பது வரிசை வந்துவிடும், நீளம் 7.93 அங்குலம்தான். ஐந்து வரிசைக்கு 25, நான்கு வரிசைக்கு 16, ஆக 41. இது எல்லாப் பெட்டிக்கும் பலிக்காது. சிறிய பெட்டியில் நேர் அடுக்கே லாபம்.

கிட்டங்கியில் இருந்தவர் பின்னாளில் தாமே பலசரக்குக் கடை வைத்தார். இப்போது பக்கத்து ஊரில் நல்ல வியாபாரம். எங்களிடம் துவரை, உளுந்து, வத்தல், மல்லி எல்லாம் எடுக்கிறார். பட்டாணி மட்டும் எடுப்பதில்லை. நாமும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பெட்டியில் சரக்குக் குறையவில்லை என்பதை அன்றே தந்தையார் அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஏன் இறங்கியது என்பதை நாம் ஒரு நாளும் அவரிடம் பேசவில்லை.

சென்ற மாதம் அவர் கடைக்குப் போனோம். கையோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பட்டாணியை விளிம்புவரை மெதுவாகக் கொட்டிக் கொண்டுபோயிருந்தோம். வண்டிக் குலுக்கலில் அது ஏற்கெனவே இறங்கிவிட்டது! அவரே சிரித்துக்கொண்டு பட்டாணியைத் தட்டில் கொட்டி, மறுபடி மெதுவாக நிரப்பி, மேஜையில் நாலு தட்டுத் தட்டினார். மட்டம் அரை விரல் இறங்கியது. ஹேல்ஸ் கதையையும் 99 சதவீதத்தையும் சொன்னோம். கேட்டுக்கொண்டே இன்னும் நாலு தட்டுத் தட்டினார். அதற்குமேல் அவ்வளவாக இறங்கவில்லை.

"பெரிய ஐயா இருந்திருந்தா அவங்கள்ட்டயும் இதக் காட்டியிருக்கலாம் அண்ணாச்சி" என்றார்.

தந்தையார் 1996இல் காலமாகிவிட்டார்கள். காப்பி வந்தது, குடித்தோம். கிளம்பும்போது வழக்கமான சீட்டைக் கொடுத்தார். துவரை ஐந்து, உளுந்து மூன்று, மல்லி இரண்டு. பட்டாணி இல்லை.